முதல் கமெரா: குறைந்த பணத்தில் எதைப் பார்த்து வாங்குவது?

அண்ணாவின் படம் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. தபால் அடையாள அட்டைக்கு எடுத்த, முத்திரை அளவுப் படம். 2009 இல் மாத்தளன் வரைக்கும் அம்மா அதைச் சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தா. அல்பங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. பிறகு ஒரு கடையில் கொடுத்துப் பெருப்பித்தோம். கண்ணும் புருவமும் புதிதாகக் கீறித் தந்தார்கள். அது அண்ணா இல்லை.

அந்தப் படத்தை நானே ஒழுங்காகப் பிரதியெடுக்க வேண்டும் என்றுதான் 2018 இல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் கமெரா தேடினேன். கையில் 40,000 ரூபா. புதியது வாங்க அது காணாது. பாவித்ததுதான் வழி.

முதலில் மெகாபிக்சல் பயத்தை விடுங்கள். 2008 இல் வந்த கனன் 1000டி வெறும் 10 மெகாபிக்சல். அதில் எடுத்த படத்தை ஏ3 தாளில் அச்சிட்டாலும் முகம் தெளிவாக இருக்கும். நிகொன் டி3100 (2010) 14 மெகாபிக்சல், கனன் 600டி (2011) 18. இவற்றில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதுவே நல்ல கமெரா. நிகொன் பக்கம் போனால் ஒன்றைக் கவனியுங்கள். டி3000, டி5000 வரிசைக் கமெராக்களின் உடலில் குவிய மோட்டர் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப் லென்ஸ் வாங்கினால் கையால்தான் குவிக்க வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

எங்கள் காலநிலையில் பெரிய எதிரி பூஞ்சணம். லென்ஸைக் கழற்றி டோர்ச் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம். அடுத்து, துவாரத்தை எஃப்16 இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். கறுப்புப் புள்ளிகள் சென்சரில் உள்ள தூசி. தூசியைத் துடைக்கலாம், கீறலைத் துடைக்க முடியாது. ஷட்டர் எத்தனை தரம் அடித்தது என்பது நிகொன் படக்கோப்பிலேயே பதிவாகியிருக்கும். கனனில் பெரும்பாலும் அப்படி இல்லை. "கலியாண வீடுகளுக்குக் கொண்டுபோனதோ அண்ணை?" என்று விற்பவரை நேரே கேட்டேன். சிரித்துக்கொண்டு 5,000 ரூபா குறைத்தார். பதில் மட்டும் வரவில்லை. அதை விட்டுவிட்டு வேறு இடத்தில் டி3100 வாங்கினேன்.

முழுப் பணத்தையும் உடலுக்குக் கொடுக்காதீர்கள். பற்றரி, சார்ஜர், மெமரி கார்ட், ஒரு முக்காலி இவற்றுக்கும் ஒதுக்க வேண்டும். கமெராவோடு வரும் 18–55 லென்ஸ் ஆரம்பத்துக்குப் போதும். விலை கூடிய சூம் லென்ஸ் பற்றி நண்பர்கள் சொல்வதைக் கேட்டுக் கடன்படாதீர்கள்.

பழைய படம் பிரதியெடுக்க அந்த லென்ஸே உதவும். 55 பக்கத்தில் வையுங்கள், 18 பக்கத்தில் ஓரங்கள் வளையும். சுமார் 28 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகலாம். பிளாஷ் வேண்டாம், யன்னலோரப் பக்க வெளிச்சம் போதும். ஐஎஸ்ஓ 100, எஃப்8, முக்காலி, இரண்டு செக்கன் ரைமர். லென்ஸில் விஆர் இருந்தால் முக்காலியில் நிறுத்திவிடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை ஒருபோதும் உரிக்காதீர்கள். மேற்பரப்பு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலாலேயே, வெளிச்சம் தெறிக்காத கோணத்தில் எடுங்கள். ரோ கோப்பாகவும் சேமித்து, ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள்.

அண்ணாவின் படத்தை மூன்றாம் முறையில் சரியாக எடுத்தேன். இடது புருவத்துக்கு மேல் சின்னத் தழும்பு தெரிந்தது. கிணற்றடியில் விழுந்த காயம் என்று அம்மா சொன்னா. இப்போது ஒழுங்கையில் உள்ளவர்களும் பொலித்தீன் பைகளில் படங்கள் கொண்டுவருகிறார்கள்.