பெருவெற்றியும் பொறுப்பும்

1972 நவம்பரில் நடைபெற்ற அமெரிக்க அதிபர் தேர்தலில் ரிச்சர்ட் நிக்சன் 50 மாநிலங்களுள் 49-இல் வாகை சூடினார். எதிர்த்து நின்ற மெக்கவர்னுக்கு மாசசூசெட்ஸ் மாநிலமும் தலைநகர் வாஷிங்டனும் மட்டுமே கிட்டின. ஆயினும், அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே வாட்டர்கேட் கட்டடத்திலிருந்த எதிர்க்கட்சி அலுவலகத்தினுள் நிக்சனின் தேர்தல் குழுவினர் ஏவிய ஆட்கள் புகுந்து பிடிபட்டிருந்தனர். அதனை மூடிமறைக்க அதிபர் மாளிகையே முனைந்தது.

மக்கள் தந்த பெருவெற்றி அவரைக் காத்ததா? இல்லை. ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்நீதிபதிகளுள் மூவர் அவரே நியமித்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. ஆகஸ்டு 9 அன்று நிக்சன் பதவி துறந்தார்.

வாக்கு என்பது மக்கள் ஒப்படைக்கும் அமானிதம். பெற்றது எத்துணைப் பெரிதோ, அத்துணைப் பெரிது அதற்குக் காட்ட வேண்டிய கணக்கு. செல்வாக்கைச் சொல்லி விசாரணையைத் தட்டிக்கழிக்கும் தலைவர்களை இன்று காணுந்தோறும், அவர்கள் பெற்ற வாக்குகளை மட்டும் நாம் எண்ணிக்கொண்டிருத்தல் போதாது. நியமித்தவரையே கேள்வி கேட்கும் துணிவு நீதிபதிகளிடம் உள்ளதா என்பதையும் நோக்குதல் வேண்டும்.