பிரிட்டனின் விருப்பப் பதிவெண்கள்

அரசு வரிசைப்படி ஒதுக்கும் வாகனப் பதிவெண்ணை விட்டுவிட்டு, தம் பெயரையோ முதலெழுத்தையோ தொழிலையோ நினைவூட்டும் எண்ணை ஒருவர் பணம் கொடுத்துப் பெற்றுக்கொண்டால் அது விருப்பப் பதிவெண் எனப்படுகிறது. பிரிட்டனில் இதைப் பேச்சுவழக்கில் ‘பிரைவேட் பிளேட்’ என்பார்கள். எண் வணிகர்களிடையே ‘செரிஷ்டு நம்பர்’ என்ற பெயரும் உண்டு. இவற்றை அரசே விற்கிறது, ஏலமும் விடுகிறது. தனியார் வணிகர்களும் ஏல நிறுவனங்களும் மறுவிற்பனை செய்கிறார்கள். இந்த எண்ணை வைத்திருப்பது அழகான ஆசையா, வீண் பகட்டா என்ற விவாதம் அந்நாட்டில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. அந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள இந்த எண்களின் வரலாறும் சட்ட நிலையும் தெரிந்திருக்க வேண்டும்.

வரலாறு

மோட்டார் கார் சட்டம் 1903இல் இயற்றப்பட்டு, 1904 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு காரும் பதிவு செய்யப்பட வேண்டும், பதிவெண்ணைத் தகட்டில் காட்ட வேண்டும் என்று அது விதித்தது. பதிவுக் கட்டணம் 20 ஷில்லிங். கவுண்டி மன்றங்களும் பெருநகர மன்றங்களும் பதிவு அலுவலகங்களாக இயங்கின. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தோ இரண்டு எழுத்துகளோ ஒதுக்கப்பட்டன. லண்டனுக்கு ‘ஏ’, லங்காஷயருக்கு ‘பி’. எழுத்துக்குப் பின் 1, 2, 3 என எண்கள் தொடர்ந்தன.

முதல் எண்ணுக்கான ஆசையும் அப்போதே பிறந்துவிட்டது. தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸலின் அண்ணனான இரண்டாம் ரஸல் பிரபு, லண்டனின் ‘ஏ 1’ எண்ணுக்காக இரவெல்லாம் வரிசையில் காத்திருந்து வாங்கினார் என்று சொல்லப்படுகிறது. நாட்டில் வழங்கப்பட்ட முதல் எண் அதுதானா என்பதில் வரலாற்றாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஓர் எண்ணே வேண்டும் என்ற ஆசை பதிவுமுறையோடு சேர்ந்தே பிறந்தது என்பதில் ஐயமில்லை.

எண்கள் தீரத் தீர அமைப்பு மாறியது. 1932 முதல் மூன்றெழுத்து எண்கள் வந்தன. 1963இல் பதிவான ஆண்டைக் காட்டும் எழுத்து எண்ணின் கடைசியில் சேர்க்கப்பட்டது; 1983இல் அது முன்னே வந்தது. 2001 செப்டம்பரில் இன்றைய முறை தொடங்கியது. முதல் இரண்டு எழுத்துகள் பதிவான வட்டாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் காலத்தையும் காட்டும். கடைசி மூன்று எழுத்துகளுக்குத் தனிப்பொருள் இல்லை. 2024 மார்ச்சில் பதிவான காரில் 24 என்றும், அதே ஆண்டு செப்டம்பரில் பதிவான காரில் 74 என்றும் இருக்கும். ஆகவே தகட்டைப் பார்த்தவுடனே காரின் வயது தெரிந்துவிடும். விருப்ப எண்களுக்கு இவ்வளவு கிராக்கி ஏற்பட இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

வாகனப் பதிவேடுகள் பின்னர் வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரில் ஒரே இடத்தில் குவிக்கப்பட்டன. அங்குள்ள டி.வி.எல்.ஏ. எனப்படும் ஓட்டுநர், வாகன உரிம முகமை 1989இல் தானே எண்களை விற்கத் தொடங்கியது. அதன் முதல் ஏலம் அவ்வாண்டு டிசம்பரில் லண்டனில் நடந்தது. இந்த விற்பனையால் இதுவரை நூறு கோடி பவுண்டுக்கும் அதிகமான பணம் அரசுக் கருவூலத்துக்குச் சென்றிருக்கிறது.

உரிமையின் தன்மை

எவ்வளவு விலை கொடுத்தாலும் பதிவெண் வாங்கியவரின் சொத்தாகிவிடாது. எண் எப்போதும் அரசுக்கே உரியது. வாங்குபவர் பெறுவது, அதை ஒரு வாகனத்துக்குப் பொருத்திக்கொள்ளும் உரிமை மட்டுமே. விதி மீறப்பட்டால் அந்த எண்ணை அரசு திரும்பப் பெறலாம்.

டி.வி.எல்.ஏ.விடம் சாதாரண விருப்ப எண் ஏறத்தாழ 250 பவுண்டிலிருந்து கிடைக்கிறது. வாகனத்துக்கு மாற்றும் 80 பவுண்டு கட்டணமும் இதில் அடக்கம். வாங்கியவருக்கு வி750 என்ற சான்றிதழ் வழங்கப்படும். ஒரு வாகனத்தில் இருக்கும் எண்ணைக் கழற்றித் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு வி778 சான்றிதழ் தரப்படும். அதன் செல்லுபடிக் காலம் பத்து ஆண்டுகள், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

கவனக்குறைவால் எண்ணை இழக்கும் இடம் ஒன்று இதில் உண்டு. காரை விற்பதற்கோ உடைப்புக்கு அனுப்புவதற்கோ முன்பே எண்ணைத் தனியே பிரித்து எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விற்றால், எண்ணும் காரோடு புதிய உரிமையாளருக்குப் போய்விடும். எண் மாறியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

முகமை இரண்டு கட்டுப்பாடுகளைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறது. முதலாவது, காரை உண்மை வயதைவிடப் புதியதாகக் காட்டும் எண்ணைப் பொருத்தக் கூடாது. 2018இல் பதிவான காருக்கு 24 என்ற காலக்குறி கிடைக்காது. பழைய ஆண்டின் எண்ணோ ஆண்டுக்குறி இல்லாத எண்ணோ கிடைக்கும். இரண்டாவது, ஆபாசமாகவோ மத, இன உணர்வுகளைப் புண்படுத்துவதாகவோ படிக்கக்கூடிய சேர்க்கைகள் வெளியிடப்படுவதில்லை. ஒவ்வொரு மார்ச், செப்டம்பர் வெளியீட்டுக்கு முன்பும் அதிகாரிகள் பட்டியலைச் சரிபார்த்து அத்தகைய எண்களை நீக்குகிறார்கள்.

புகழ்பெற்ற எண்கள்

மந்திரக் கலைஞர் பால் டேனியல்ஸின் காரில் ‘எம்ஏஜி 1சி’ என்ற எண் இருந்தது. 1ஐ ஆங்கில ‘ஐ’ எழுத்தாக எடுத்துக்கொண்டால் அது ‘மேஜிக்’ என்று படிக்கும். நகைச்சுவைக் கலைஞர் ஜிம்மி டார்பக்கிடம் ‘சிஓஎம் 1சி’ இருந்தது, அது ‘காமிக்’. அரசு ஏலத்தில் 1993இல் விற்ற ‘கே1 என்ஜிஎஸ்’ என்ற எண் 2,31,000 பவுண்டு ஈட்டியது. அது அரசர்களைக் குறிக்கும் ‘கிங்ஸ்’ என்ற சொல்லாகப் படிக்கும்.

எஸ்ஸெக்ஸ் கவுண்டி மன்றம் 1904 முதல் வைத்திருந்த ‘எஃப் 1’ எண்ணை 2008இல் விற்றது. வரியும் கட்டணமும் சேர்த்து அதன் விலை ஏறத்தாழ 4,40,000 பவுண்டு. கார்ப் பந்தய ரசிகர்களுக்கு அந்த எண் எதைக் குறிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2014இல் டி.வி.எல்.ஏ. ஏலத்தில் ‘25 ஓ’ என்ற எண் 4,00,000 பவுண்டுக்குக் கேட்கப்பட்டு, வரி, கட்டணங்களோடு 5,00,000 பவுண்டைத் தாண்டியது. பழைய ஃபெராரி கார்களின் வணிகர் ஒருவர் அதை ‘ஃபெராரி 250’ கார் ஒன்றுக்காக வாங்கினார்.

விற்பனைக்கு வராத எண்களும் இருக்கின்றன. ‘0’ இலக்கம் தாங்கிய சில எண்கள் நகரத் தலைவர்களின் வாகனங்களுக்குரியவை. எடின்பரோ நகரின் ‘எஸ் 0’ அவற்றுள் ஒன்று. மன்னரின் அரசமுறைக் கார்களுக்கு எண் தகடே கிடையாது.

ஆதரவுக் கருத்துகள்

விருப்ப எண் வைத்திருப்போர் எல்லோரும் செல்வந்தர்கள் அல்லர். மகனின் பதினெட்டாம் பிறந்தநாளுக்குப் பெற்றோர் தரும் பரிசாகவோ, மணிவிழாப் பரிசாகவோ முதலெழுத்து எண்கள் பல வாங்கப்படுகின்றன. தந்தையின் பழைய காரில் இருந்த எண்ணை அவர் மறைந்த பிறகும் தங்கள் காருக்கு மாற்றி ஓட்டும் பிள்ளைகள் உண்டு. கார் துருப்பிடித்துப் போனாலும் குடும்பத்தில் எண் நிலைக்கிறது. அவர்களுக்கு அது ஒரு நினைவுப் பொருள்.

சிறு தொழில் செய்வோர் இதை விளம்பரமாகக் கருதுகிறார்கள். கூரை வேலை செய்பவரோ தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பவரோ தம் தொழிலை நினைவூட்டும் எண்ணை வேனில் மாட்டிக்கொண்டால், ஒருமுறை செலுத்திய கட்டணத்துக்கு ஆண்டுக்கணக்கில் விளம்பரம் கிடைக்கிறது.

காரின் வயதை மறைப்பது மற்றொரு பயன். வட அயர்லாந்து எண்களில் ‘ஐ’ அல்லது ‘இசட்’ எழுத்து இருக்கும், ஆண்டுக்குறி இருக்காது. அவை மலிவாகவும் கிடைப்பதால் சுற்றுலாப் பேருந்து நிறுவனங்கள் அவற்றை விரும்பி வாங்குகின்றன. பேருந்து எத்தனை ஆண்டு ஓடியது என்பது பயணிக்குத் தகட்டிலிருந்து தெரியாது.

எண்ணை முதலீடாகப் பார்ப்போரும் இருக்கிறார்கள். எழுத்தும் இலக்கமும் மிகக் குறைந்த, ஆண்டுக்குறி இல்லாத பழைய எண்கள் மிகச் சிலவே என்பதால் அவற்றின் விலை பெரும்பாலும் ஏறியே வந்திருக்கிறது. ஆனால் யாரோ ஒருவரின் பெயருக்கு மட்டுமே பொருந்தும் எண்ணுக்கு மறுவிற்பனையில் ஆள் கிடைப்பது கடினம்.

பொதுநலன் சார்ந்த வாதமே இவற்றுள் வலுவானது. யாரும் கட்டாயப்படுத்தாமல், வசதியுள்ளவர்கள் தாங்களே முன்வந்து கருவூலத்துக்குச் செலுத்தும் பணம் இது. வேறு எந்த வரியையும் மக்கள் இவ்வளவு மகிழ்ச்சியோடு கட்டுவதில்லை.

எதிர்ப்புக் கருத்துகள்

பகட்டு என்பதே முதல் குற்றச்சாட்டு. காரின் விலையைவிட அதன் எண்ணுக்கு அதிகம் செலவழிப்பதைப் பலர் பொறுப்பற்ற செயலாகப் பார்க்கிறார்கள். வர்க்க உணர்வு ஆழ வேரூன்றிய பிரிட்டிஷ் சமூகத்தில், பெயரைத் தகட்டில் எழுதிக்கொண்டு திரிவது புதுப்பணக்காரத்தனம் என்ற முகச்சுளிப்பும் உண்டு.

இரண்டாவது, தனியுரிமை. சாதாரண எண்ணை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பெயரைச் சொல்லும் எண் எங்கே நின்றாலும் தெருவில் உள்ளவர்களுக்கு ஓட்டுபவர் யாரென்று தெரிந்துவிடும். வண்டியை ஒழுங்காக ஓட்ட இது தூண்டும் என்று சிலர் இதையே ஒரு நன்மையாகச் சொல்கிறார்கள்.

மூன்றாவது, சமவாய்ப்பு. எண்களை வணிகர்கள் மொத்தமாக வாங்கி அதிக விலைக்கு விற்பதால், அரசின் அடையாளக் குறி ஒன்று ஊக வணிகப் பொருளாகிவிடுகிறது என்பது எதிர்ப்போரின் மனக்குறை.

நான்காவது குற்றச்சாட்டு பொதுப் பாதுகாப்பைப் பற்றியது. அதைத் தனியே விளக்க வேண்டும்.

திருத்தி எழுதப்படும் தகடுகள்

விருப்ப எண்ணில் எழுத்துக்குப் பதில் இலக்கம் நிற்கிறது. 1 ‘ஐ’ ஆகிறது. 5 ‘எஸ்’, 4 ‘ஏ’, 8 ‘பி’, 0 ‘ஓ’, 3 ‘ஈ’. கண் இவற்றைத் தானே சமன்செய்து படித்துக்கொள்ளும். இதில் தவறில்லை. ஆனால் சிலருக்கு இது போதுவதில்லை. 11 என்ற இலக்கங்களின் நட்டநடுவே கறுப்பு மூடி போட்ட திருகு ஒன்றை முடுக்கினால் அது ‘எச்’ எழுத்தாகத் தெரியும். 1ஐயும் 3ஐயும் ஒட்டவைத்தால் ‘பி’ ஆகும். எழுத்துக் கூட்டங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியை இடம் மாற்றினால் பெயர் பளிச்சென்று விழும்.

இவை எல்லாமே சட்டமீறல். 2001ஆம் ஆண்டின் பதிவுக்குறி காட்சி விதிகள் எழுத்தின் வடிவத்தையும் அளவையும் வரையறுத்திருக்கின்றன. காரில் எழுத்தின் உயரம் 79 மில்லிமீட்டர், இரண்டு எழுத்துகளுக்கு இடையே 11 மில்லிமீட்டர், இரண்டு கூட்டங்களுக்கு இடையே 33 மில்லிமீட்டர். முன்தகடு வெள்ளை, பின்தகடு மஞ்சள். மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம். ஆண்டுத் தகுதிச் சோதனையிலும் வண்டி தேறாது. தகடு செய்து விற்பவர்களும் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். வாங்குபவரின் அடையாளச் சான்றையும் வாகன ஆவணத்தையும் பார்த்த பிறகே அவர்கள் தகட்டைத் தர வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் சாலைகளில் தானியங்கிக் கேமராக்கள் தகடுகளைப் படித்துக்கொண்டே இருக்கின்றன. திருட்டுக் கார், காப்பீடில்லாத கார், மோதிவிட்டு நிற்காமல் போன கார் ஆகியவற்றைக் கண்டுபிடிக்கக் காவல்துறை தகட்டையே நம்பியிருக்கிறது. விபத்தில் அடிபட்டவரோ அதைப் பார்த்தவரோ ஒரு நொடியில் படித்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் அது. அதைத் தெளிவில்லாமல் ஆக்குகிறவர் தம் ஆசைக்காக மற்றவர்களின் பாதுகாப்பைப் பணயம் வைக்கிறார்.

பிற நாடுகளில்

ஹாங்காங்கில் 1973 முதல் அரசு எண்களை ஏலம் விடுகிறது. மரபான சிறப்பு எண்களின் ஏலத்தொகை அறப்பணிகளுக்கான அரசு நிதிக்குப் போகிறது. துபாயில் 2023 ஏப்ரலில் நடந்த அறக்கொடை ஏலத்தில் ‘பி 7’ என்ற எண் 5.5 கோடி திர்ஹாமுக்கு விற்று, பசித்தோருக்கு உணவளிக்கும் திட்டத்துக்கு நிதியாகச் சேர்ந்தது.

இந்தியாவில் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க முடியாது. கடைசி நான்கு இலக்கங்களைத்தான் ‘பேன்சி நம்பர்’ என்று கேட்டு வாங்கலாம். தமிழ்நாட்டில் கூட்டுத்தொகை 9 வரும் எண்ணைத் தேடுவோரும் 8 வரும் எண்ணைத் தவிர்ப்போரும் நிறைய. 2022இல் சண்டிகரில் 0001 என்ற எண்ணை ஒருவர் 15.44 லட்சம் ரூபாய்க்கு ஏலம் எடுத்தார். அதை அவர் முதலில் மாட்ட இருந்தது ஏறத்தாழ 71,000 ரூபாய் விலையுள்ள ஆக்டிவா ஸ்கூட்டரில்.

மதிப்பீடு

விருப்ப எண்ணை வாங்குவதில் குற்றம் காண இடமில்லை. ஒருவர் தம் உழைப்பில் வந்த பணத்தை எதில் செலவழிப்பது என்பது அவர் விருப்பம். இதில் ஒரு பங்கு பொதுக் கருவூலத்துக்கும் சேர்கிறது. ரசனைக் குறைவு என்று சொல்வது ரசனை பற்றிய வேறுபாடு மட்டுமே. அதைச் சட்டத்தால் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது.

தகட்டைத் திருத்தி எழுதுவது அப்படியல்ல. எண் அரசுக்கு உரியது. தகடு தெருவில் போகும் எல்லோரும் படிப்பதற்காக மாட்டப்பட்டது. வாங்குவோர் மூன்றைக் கவனித்தால் போதும்: பதிவு பெற்ற கடையில் விதிப்படியான தகட்டைச் செய்துகொள்வது, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பது, காரை விற்கும் முன் எண்ணைப் பிரித்து எடுப்பது. இவற்றைச் செய்தவரின் ஆசையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.