பல் செட்டு உங்களுடையது, ஃபைல் யாருடையது?

இந்த எபிசோட் பல் செட்டைப் பத்தி. "வரலாறு பேசுற பாட்காஸ்ட்ல பல் செட்டா?"ன்னு கேட்பீங்க. இதுக்குள்ள ஒரு காப்புரிமைச் சண்டை இருக்கு, ஒரு கொலை இருக்கு. கடைசியில நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு பிரச்சனையும் இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

முதல்ல தருமபுரிக்குப் போவோம். எங்க அம்மா வழி ஊர் பென்னாகரம் பக்கம். அங்க வயசானவங்க சிரிச்சா பல்லுல பழுப்புக் கறை தெரியும். வெத்தலைக் காவின்னு நினைச்சிடாதீங்க, அது ஃப்ளோரைடு. பாறைக்கு அடியில இருந்து வர்ற போர் தண்ணியில அது அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினாலே பல்லுக்கு ஆகாது. சின்ன வயசுல, பல் உருவாகுறப்பவே எனாமல் கெட்டுப் போகும். அளவு இன்னும் அதிகமாகி, வருஷக்கணக்கா அதையே குடிச்சா எலும்பும் மூட்டும் இறுகிப் போகும். இதை மெட்ராஸ் மாகாணத்துல முதல்ல ஆய்வுக் கட்டுரையாகப் பதிவு செய்தவர்கள் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர். வருஷம் 1937, இடம் அன்றைய மாகாணத்தில் இருந்த நெல்லூர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணியைக் கொண்டு வர்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-லதான் திறக்கப்பட்டது. நடுவுல எத்தனை தலைமுறை போர் தண்ணி குடிச்சிருக்கும், பாருங்க.

வயசான காலத்துல பல் விழ ஃப்ளோரைடு மட்டுமே காரணம் இல்ல. ஈறு நோய், சொத்தை, புகையிலை எல்லாம் சேர்ந்துதான் விழும். ஆனா முதுகும் முட்டியும் இறுகின ஒருத்தர் பல் கட்டிக்கப் போனா என்ன ஆகும்னு யோசிங்க. பழைய முறையில முழு பல் செட்டுக்குச் சுமார் அஞ்சு தடவை போகணும். முதல் தடவை தோராயமா அளவு எடுப்பாங்க. ரெண்டாவது தடவை துல்லிய அளவு, அந்தக் கிராம்பு வாசனை பேஸ்ட் வச்சு. மூணாவது, மெழுகுக் கட்டையைக் கடிக்கச் சொல்லி மேல்தாடையும் கீழ்தாடையும் எங்க சேருதுன்னு பார்ப்பாங்க. நாலாவது, மெழுகுல பல்லைப் பதிச்சு வாயில வச்சுப் பார்க்கிறது. அஞ்சாவதுதான் செட்டு கைக்கு வரும். அப்புறம் எங்கயாவது உறுத்தினா, தேய்ச்சுச் சரி பண்ண இன்னும் ரெண்டு நடை.

எங்க பாட்டி இத்தனை நடையும் நடந்து ஒரு செட்டு வாங்கினாங்க. ஒரு கல்யாணத்துல சாப்பிடுறப்ப உறுத்துதுன்னு கழட்டி, பேப்பர்ல சுத்தி இலை ஓரமா வச்சிருக்காங்க. இலை எடுக்க வந்தவர் இலையோட சேர்த்து எடுத்துட்டுப் போயிட்டார். அச்சு எதுவும் லேப்ல மிச்சம் இல்ல, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். "களிக்குப் பல்லு எதுக்குடா, முழுங்கத்தானே போறேன்"னு சொல்லிட்டாங்க. சொன்னது சரிதான், கேழ்வரகுக் களியை யாரும் மெல்ல மாட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் கடலை, முறுக்கு, கறி எல்லாமே அவங்க தட்டை விட்டுப் போயிடுச்சு.

இப்போ கொலைக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவுல கெட்டி ரப்பர் வந்தது. பேர் வல்கனைட். அதுக்கு முன்னாடி தந்தத்தைச் செதுக்கியோ தங்கத்தகட்டுலயோ பல் செட்டு செஞ்சாங்க, பணக்காரங்களுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும். ரப்பர் வந்ததும் விலை இறங்கிச்சு. ஆனா 1864-ல் ஜான் கம்மிங்ஸ் என்பவருக்கு ரப்பர் பல் செட்டுக்கான காப்புரிமை கிடைத்தது. அது குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி கைக்குப் போனது. ரப்பர்ல பல் செட்டு செய்யுற ஒவ்வொரு அமெரிக்கப் பல் மருத்துவரும் லைசென்ஸ் கட்டணம் கட்டணும், போதாததுக்கு ஒவ்வொரு செட்டுக்கும் தனியா ராயல்டி. கட்டாதவங்க மேல கேஸ். கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன் ஊர் ஊராகப் போய் வழக்குப் போட்டார். சாமுவேல் சால்ஃபன்ட் என்ற மருத்துவர் இந்தத் தொல்லைக்குப் பயந்து ஊர் மாறிக்கொண்டே இருந்தார். 1879 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ ஓட்டல் அறையில் பேக்கனைச் சுட்டுக் கொன்றார். ரெண்டு வருஷத்துல காப்புரிமை காலாவதி ஆனது. கொலையை நான் நியாயப்படுத்தல. ஆனா அந்தக் கட்டண முறையைப் படிச்சா நம்ம மாதச் சந்தா சாஃப்ட்வேர் ஞாபகம் வருதா இல்லையா?

ரப்பரை ஓரங்கட்டினது அக்ரிலிக். வால்டர் ரைட் என்பவர் அதை நோயாளிகளிடம் சோதித்து எழுதியதும் 1937-ல்தான், நெல்லூர் கட்டுரை வந்த அதே வருஷம். இன்னைக்கு வரைக்கும் நம்ம ஊர் லேப்ல நடக்கிறது பெரும்பாலும் அதேதான்: பவுடரும் திரவமும் கலந்து, பிளாஸ்டர் அச்சுல அழுத்தி, சுடுதண்ணியில வேகவைக்கிறது. வேகும்போது அது சுருங்கும். கனஅளவுல கிட்டத்தட்ட 7 சதவீதம். அந்தச் சுருக்கத்தைக் கணக்குல வச்சு வேலை செய்யுறதுதான் டெக்னீஷியனோட கைத்திறமை.

டிஜிட்டல் முறை இந்தச் சுருக்கத்தைத்தான் முதல்ல குறிவைக்குது. ஜப்பானில் மயேடா குழு 1994-லேயே கம்ப்யூட்டர் வழியா முழு பல் செட்டு செய்து காட்டிடுச்சு. இப்போ ரெண்டு வழி. ஒண்ணு, தொழிற்சாலையில அதிக அழுத்தத்துல முன்கூட்டியே இறுகின அக்ரிலிக் வட்டைக் கடைந்து எடுக்கிறது. ஏற்கனவே இறுகினது, அதனால மறுபடி சுருங்காது. ஈறுல நல்லா ஒட்டும். இன்னொண்ணு, ரெசினை அடுக்கடுக்கா 3டி பிரிண்ட் பண்றது. செலவு குறைவு, ஆனா பொதுவா கடைஞ்சதை விட வலு கம்மி. "டிஜிட்டல்"னு போர்டு போட்டா எதுன்னு கேட்டுக்கோங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல.

நடையும் குறையும், நாலு, மூணு, சில சமயம் ரெண்டு. தருமபுரி மாதிரி ஊருக்கு இதுதான் பெரிய லாபம்னு நான் நினைக்கிறேன். ஆனா மெஷின் எல்லாத்தையும் செஞ்சிடாது. பல்லே இல்லாத ஈறு வழவழன்னு, அசைஞ்சுக்கிட்டு இருக்கும். ஸ்கேனருக்கு அது கஷ்டம். அதனால பல நேரம் பழைய மாதிரி அளவு எடுத்து, அந்த அளவைத்தான் ஸ்கேன் பண்றாங்க. தாடை எங்க சேரணும்னு முடிவு பண்றது இன்னும் மருத்துவர் கண்ணும் கையும்தான். அங்க தப்பினா, எவ்வளவு துல்லியமாக் கடைஞ்சாலும் தப்பான செட்டுதான் துல்லியமா வரும்.

ஆனா இலையோட போனா? ஃபைல் இருந்தா புது அளவு எடுக்காம இன்னொண்ணு செய்யலாம். காலம் உண்டு: பல் போன இடத்துல எலும்பு தேய்ஞ்சுக்கிட்டே போகும், பல வருஷம் கழிச்சு பழைய ஃபைல் புது வாய்க்குப் பொருந்தாது. முதல் சில வருஷத்துக்கு அது தங்கம்.

அந்த ஃபைல் யார்கிட்ட இருக்கு? பெரும்பாலும் லேப்ல, இல்லேன்னா டிசைன் பண்ண கம்பெனியோட சர்வர்ல. எஸ்டிஎல் மாதிரி எல்லா மெஷினும் படிக்கிற வடிவத்துல இருந்தா வேற ஊர்லயும் செஞ்சுக்கலாம். ஒரு சாஃப்ட்வேர் மட்டுமே திறக்கிற வடிவத்துல இருந்தா, லேப் மூடின அன்னைக்கு உங்க தாடையும் அதோட போச்சு. நம்ம தாத்தா பாட்டிக்குப் பல் கட்டக் கூட்டிட்டுப் போறது நம்மதான், பில் கட்டுறதும் நம்மதான். பில் கட்டுறப்பவே, "எஸ்டிஎல் ஃபைலைப் பென்டிரைவ்ல போட்டுக் கொடுங்க"ன்னு கேளுங்க.