கொட்டகையில் வேலை செய்தவர்கள் யார்?

 

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகரானால் ஓர் ஊருக்கு என்னென்ன வரும் என்று நமக்குத் தெரியும்: ஆட்சியர் அலுவலகம், பெரிய துணிக்கடை, ஓட்டல், ஏசி தியேட்டர். புதிதாக ஒரு தியேட்டர் திறக்கப்போகிறது என்றால் ‘ஆள் எடுக்கிறாங்களாம்’ என்ற செய்தி சேரிக்கும் வந்துவிடும். டிக்கெட் கொடுக்க, கிழிக்க, பாப்கார்ன் விற்க, வண்டி நிறுத்த, கக்கூஸ் கழுவ. இதில் எந்த வேலை எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. நடிகர்கள், கட்சிகள், பாட்டுகள் பற்றி அலமாரி அலமாரியாக எழுதியிருக்கிறோம். கொட்டகையில் கூலி வாங்கியவர்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் அரங்கம் சினிமாக் கொட்டகைதான். அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கையிலிருந்த காசு என்றார். இதை நான் மறுக்கவில்லை. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்குத் தரை டிக்கெட் ஒரு விடுதலைதான். நம் மாவட்டத்து எடுத்தவாய்நத்தத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தது 2023 ஜனவரியில். டூரிங் டாக்கீஸ் வாசல் அதற்கு எத்தனையோ பத்தாண்டுகள் முன்பே திறந்துவிட்டது. ஆனால் சிவத்தம்பி பார்த்தது டிக்கெட் வாங்கியவரின் பக்கத்திலிருந்து. சம்பளம் வாங்கியவரின் பக்கம் வேறு கதை.

திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். அன்றிலிருந்தே படம் வந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. மாட்டுவண்டியில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மேளமடித்து, நோட்டீஸ் வீசிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். கிராமங்களில் அறிவிப்புக்குப் பறையடிக்கும் கடமை யார்மீது சுமத்தப்பட்டிருந்தது என்று இந்த அவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. நவீனத்தின் உச்சமான இயந்திரம், தன்னை அறிவித்துக்கொள்ளச் சாதி கொடுத்த பழைய வேலைப் பிரிவினையைத்தான் நாடியது. (அந்தத் தண்டோரா முறை இனி வேண்டாம் என்று தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்கு எழுதியது 2022இல்!)

இப்போது மேலே, ஆபரேட்டர் அறைக்கு வருவோம். கொட்டகையில் மரியாதையான வேலை அதுதான். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து கண்கூசும் ஒளி வரும். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஆயிரம் அடி ரீல் சுமார் 11 நிமிடம் ஓடும். முடிவதற்குள் அடுத்த மெஷின் தயாராக நிற்க வேண்டும். வெப்பம், புகை, தீப்பிடிக்கும் பயம். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, ஓர் ஆபரேட்டருக்குப் பக்கத்தில் நின்று கைப்பழக்கமாகத்தான் வரும். அதன் பிறகுதான் அரசின் மின் ஆய்வுத் துறை உரிமம் தரும். உரிமத் தேர்வில் சாதி கேட்கமாட்டார்கள். ‘தம்பி, மேலே வா, ரீல் சுத்து’ என்று கூப்பிட ஒருவர் வேண்டுமே, அங்கேதான் சாதி இருக்கிறது. உறவுக்காரப் பையன், முதலாளிக்குத் தெரிந்த வீட்டுப் பையன் படியேறுவான். நம் பையன் கீழே துடைப்பத்தோடு நிற்பான். விதிவிலக்காக மேலே ஏறியவர்கள் உண்டு, அவர்களின் கதைகளை நாம்தான் தேடித் தொகுக்க வேண்டும்.

சட்டத்தில் என்ன இருந்தது? அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதியோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் பெயர் சொல்லித் திறந்துவிட்டது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. அதே ஆண்டில் சினிமாக் கொட்டகைகளை ஒழுங்குபடுத்தும் சென்னை மாநிலச் சட்டமும் வந்தது. உரிமம், நெருப்பு, மின்சாரம் என்று அது கவலைப்பட்டது. யாரை வேலைக்கு வைக்கிறார்கள் என்று கேட்கவில்லை. தீண்டாமைச் சட்டத்தில் ‘எந்தப் பணியிலும் வேலைக்கு அமர்வது’ என்ற பொருள்படும் சொற்கள் சேர்ந்தது 1976 திருத்தத்தில். அந்த 1976 வரைக்கும் கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆட்சியே முடியவில்லை. மலையாளிப் பழங்குடிகள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் தனிப் படிக்கட்டு ஏறி மாடியில்தான் படம் பார்க்க வேண்டியிருந்தது. 1964இன் குடியுரிமைச் சட்டம் ஒரே மூச்சில் திரையரங்க இருக்கையையும் வேலைவாய்ப்பையும் சேர்த்துப் பேசியது. நாம் இருக்கையிலிருந்து வேலைக்கு வர 21 ஆண்டுகள் எடுத்தோம். வந்த பிறகும் என்ன? 16(4) தரும் இடஒதுக்கீடு அரசுப் பணிக்கு மட்டும். தனியார் முதலாளி ‘ஆள் தேவையில்லை’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அதில் தீண்டாமையை நிரூபிப்பது யார்?

2023 மார்ச் 30. சென்னை கோயம்பேடு ரோகிணி திரையரங்கில் ‘பத்து தல’ படத்துக்கு டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் ஊழியர்கள் தடுத்தார்கள். வீடியோ பரவியது. படம் யு/ஏ சான்றிதழ் பெற்றது, குழந்தைகள் இருந்தார்கள் என்று நிர்வாகம் விளக்கியது. பெற்றோர் துணையோடு குழந்தைகள் பார்க்கலாம் என்பதுதான் யு/ஏ! பிறகு உள்ளே விட்டார்கள். வழக்கு ஊழியர்கள் மீது வந்தது. சிவத்தம்பி சொன்ன அந்தக் காசு கையில் இருந்தும் வாசல் திறக்கவில்லை. வாசலில் நின்றவரும் நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்தான், ஆனால் யாரைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்குப் பழக்கப்பட்டிருக்கிறது. நரிக்குறவர் வீட்டுப் பிள்ளை ஒருவர் அதே சீருடையில் அந்த வாசலில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மாணவர்கள் யோசிக்க வேண்டும்.

2010களின் முதல் பாதியில் டிஜிட்டல் வந்து ரீலையும் ஆபரேட்டரின் கைத்திறனையும் ஒழித்தது. படியேற ஆரம்பித்த சிலருக்கும் படி போய்விட்டது. மிஞ்சியதில் பெரும்பகுதி காண்டிராக்ட் வேலை. கழுவும் வேலைக்கு ‘ஹவுஸ்கீப்பிங்’ என்று பெயர் மாறியது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் திரையரங்கில் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் உண்டு என்று 1981இலேயே ஒரு சட்டம் சொன்னது. ஆகவே தியேட்டர் வேலைக்குப் போகும் நம் தம்பி தங்கைகளிடம் முதல் மாதமே மூன்று கேள்வி கேளுங்கள்: சம்பளம் தருவது தியேட்டரா, காண்டிராக்டரா? பிஎஃப் எண் கொடுத்தார்களா? கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் எந்தத் தெருக்காரர்கள்?