ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான்? - ஒரு பழைய கணக்கு

"உழைக்க வணங்காதவன்தான் பிளாட்பாரத்தில் படுக்கிறான்" என்று போன வாரம் கேண்டீனில் ஒரு நண்பன் சொன்னான். "இல்லடா, சூழ்நிலைதான் காரணம்" என்றேன் நான். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். பிறகு யோசித்துப் பார்த்தேன். இதே வாக்குவாதம் நமக்கு முன்பே பலமுறை நடந்திருக்கிறது. ஒருமுறை அதற்கு நம் ஊர் ஜனங்கள் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. அங்கே ஏழைகளுக்கு உதவும் செலவு அந்தந்த ஊர் வரிப்பணத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. செலவு ஏற ஏற, "உதவி கிடைப்பதால்தான் இவர்கள் வேலைக்குப் போவதில்லை" என்ற பேச்சும் ஏறியது. விளைவு, 1834-ல் வந்த புதிய ஏழைகள் சட்டம். அதன் அடிப்படை இதுதான்: உதவி வாங்குபவனின் நிலைமை, மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவனின் நிலைமையைவிட மோசமாகவே இருக்க வேண்டும். உதவி வேண்டுமா? 'ஒர்க்ஹவுஸ்' என்ற விடுதிக்குள் போ. அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். உண்மையிலேயே வழியில்லாதவன் மட்டும்தான் இதற்குச் சம்மதிப்பான் என்பது கணக்கு. ஆண்டோவர் என்ற ஊரில், உரத்துக்காக எலும்பு உடைக்கக் கொடுக்கப்பட்டவர்கள் பசி தாங்காமல் அந்த எலும்புகளையே கடித்துத் தின்றார்கள் என்பது 1845-ல் வெளியே வந்து நாடே அதிர்ந்தது.

இந்தச் சிந்தனை கப்பலேறி நம் பக்கம் வந்தது. 1876-ல் மழை பொய்த்தது. நம் பாட்டன் பூட்டன்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொன்னது இதைத்தான். நிலமில்லாத கூலிகளும் நெசவாளர்களும் முதலில் வேலையை இழந்தார்கள், பிறகு வீட்டை விட்டு நடந்தார்கள். சென்னைப் பட்டணத்துக்குள் கூட்டம் கூட்டமாக வந்து விழுந்தார்கள். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைச் செலவைக் குறைக்க அனுப்பினார். நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாள் கூலி, ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதற்கு மேல் கொஞ்சம் காசும் என்று அவர் நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும்! கூலி அதிகமானால் தேவையில்லாதவனும் வந்து ஒட்டிக்கொள்வான் என்ற பயம்தான் காரணம்.

சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ், இந்த அளவு உழைக்கும் உடம்புக்குப் போதாது என்று விடாமல் எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். இந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். மழை பெய்யாதது இவர்களில் யாருடைய 'பெர்சனல் சாய்ஸ்'? இன்று சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி, அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டப்பட்டதுதான்.

சரி, உண்மையான காரணத்தை யாராவது எண்ணிப் பார்த்தார்களா? பார்த்தார்கள். அதுவும் வியாபாரிகள் (காமர்ஸ் மாணவனாக இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை!). சார்லஸ் பூத் ஒரு கப்பல் கம்பெனி முதலாளி. லண்டனில் தெருத் தெருவாகக் கணக்கெடுத்து 1889-ல் முதல் தொகுதியை வெளியிட்டார். மிக ஏழைகளான சுமார் 1,600 குடும்பத் தலைவர்களைப் பற்றி அவர் போட்ட கணக்கு இது: வேலை செய்ய விரும்பாதவர்கள் 4 சதவீதம். குடியும் ஊதாரித்தனமும் 14 சதவீதம். நோய், பெரிய குடும்பம் போன்றவை 27 சதவீதம். குறைந்த கூலி, நிலையில்லாத வேலை 55 சதவீதம்.

அடுத்து சீபோம் ரௌன்ட்ரீ, சாக்லேட் கம்பெனி குடும்பத்துப் பிள்ளை. 1899-ல் யார்க் நகரில் வீடு வீடாக விசாரித்தார். ஊர் ஜனத்தொகையில் சுமார் 28 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள். இதில் ஒரு பிரிவினருக்கு, எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் வருமானம் போதாது. அந்தப் பிரிவில் பாதிக்கு மேல், குடும்பத் தலைவன் ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தும் கூலி போதாததால்தான் ஏழை.

நண்பன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். யார்க் ஏழைகளில் இன்னொரு பிரிவினருக்கு வருமானம் ஓரளவு போதும். குடி, கைமீறிய செலவு என்று அது வேறு வழியில் கரைந்தது. ரௌன்ட்ரீ அதை மறைக்கவில்லை. ஆனால் நெரிசலான வீடும் விடிவில்லாத வாழ்க்கையும்தான் அந்தக் குடிக்கே பெரும்பாலும் காரணம் என்றார்.

ஆக, சோம்பேறிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. பூத்தின் கணக்கில் நூற்றுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். அந்த நான்கு பேரைப் பிடிக்க மற்ற தொண்ணூற்றாறு பேரையும் தண்டிப்பது லாபமா நஷ்டமா என்று கேட்கிறேன். நாம் தப்பாக நினைத்து ஒரு சோம்பேறிக்கு உதவிவிட்டால் கொஞ்சம் பணம் போகும். தப்பாக நினைத்து ஓர் ஏழையை விரட்டிவிட்டால் என்ன போகும் என்பதை 1877 காட்டிவிட்டது.

அடுத்த முறை கேண்டீனில் அந்த நண்பனுக்கு டீ என் செலவு. ஆறுவதற்குள் இந்தக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும்.