பார்பரா சன்சோனி

பார்பரா சன்சோனி (1928–2022) இலங்கையைச் சேர்ந்த வடிவமைப்பாளர், ஓவியர், எழுத்தாளர். கைத்தறித் துணிகளில் அவர் கையாண்ட வண்ணச் சேர்க்கையும், அத்துணிகளால் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் அமைந்த உள்ளரங்கத் தோற்றமும் அவருக்குப் புகழ் தேடித் தந்தன. நாட்டுப்புறப் பெண்களுக்கு நெசவின் வழியே நிலையான வருமானம் கிடைக்கச் செய்தது அவருடைய தலையாய சமூகப் பணி.

வாழ்க்கை

கண்டியில் பிறந்தவர். கொடைக்கானல் பிரசென்டேஷன் கான்வென்டில் பள்ளிக் கல்வி பெற்று, லண்டனில் ஓவியம் பயின்றார். நாடு திரும்பியபின் கொழும்பில் வாழ்ந்தார். முதல் கணவர் ஹில்டன் சன்சோனி. பிற்காலத்தில் கட்டடக்கலை அறிஞர் ரொனால்ட் லூகாக்கை மணந்தார்.

நெசவுப் பணி

நல்லாயன் கன்னியர் சபையினர் ஏழைப் பெண்களுக்கு நெசவுப் பயிற்சி அளித்துவந்தனர். கற்ற தொழில் சோறு போட வேண்டுமானால், நெய்த துணி கடையில் விலைபோக வேண்டும். சபைப் பொறுப்பில் இருந்த அயர்லாந்துக் கன்னியாஸ்திரி ஒருவர் துணிகளுக்கு வடிவம் அமைத்துத் தரும்படி சன்சோனியைக் கேட்டுக்கொண்டார். அந்த உதவியே அவருடைய வாழ்நாள் பணியாக வளர்ந்தது. 1964இல் தொடங்கிய ‘பேர்ஃபுட்’ நிறுவனம் அதன் விளைவு.

கோடு போட்ட துணியின் அழகு, நெடுக்கிழைகளான பாவை ஓட்டும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. எந்த நிறத்தில் எத்தனை இழை, அதற்கடுத்து எந்த நிறம் என்ற கணக்கே அதன் வடிவம். அந்தக் கணக்குப் பிசகாமல், குறுக்கிழையான ஊடையைச் சீராக அடித்து நெய்யத் தெரிந்தால் எளிய தறியிலேயே உயர்ந்த துணி பிறக்கும். விலைகூடிய கருவி வேண்டியதில்லை. சன்சோனி இலங்கையின் கடல், வயல், காடு ஆகியவற்றின் நிறங்களைத் துணிக்குக் கொண்டுவந்தார். நெய்பவரின் உழைப்புக்கு அந்த நிறத்தேர்வு கூடுதல் மதிப்பைத் தந்தது. கைத்தறித் துணியிலிருந்து பொம்மைகளும் செய்யப்பட்டதால், தையல் தெரிந்த பெண்களுக்கும் வேலை கிடைத்தது.

உள்ளரங்கமும் மரபுக் கட்டடங்களும்

கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வட்டத்தில் சன்சோனிக்கு முக்கிய இடம் உண்டு. பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலில் அவருடைய கைத்தறித் துணிகள் இடம்பெற்றன. அதே ஹோட்டலின் முகப்புக் கூடத்து விதானத்தை எனா டி சில்வாவின் பாத்திக் துணி அழகு செய்தது. எனாவும் பின்னர் மாத்தளை அருகே அலுவிகாரையில் கிராமப் பெண்களுக்குக் கைத்தொழில் வழி வாழ்வு அமைத்துக் கொடுத்தவர்.

இலங்கையின் பழைய வீடுகள், விகாரைகள், திண்ணைகள் ஆகியவற்றைக் கோட்டோவியங்களாக்கிப் பாதுகாத்ததும் சன்சோனியின் பொதுத்தொண்டே. லூகாக், லக்கி சேனநாயக்க ஆகியோருடன் அவர் உருவாக்கிய ‘தி ஆர்கிடெக்சர் ஆஃப் அன் ஐலண்ட்’ என்ற நூல் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

மதிப்பீடு

உள்ளரங்க வடிவமைப்பாளர்களின் அறப்பணி பலவகைப்படும். அமெரிக்காவில் இத்தொழிலின் முன்னோடியான எல்சி டி வுல்ஃப், முதல் உலகப்போரின்போது பிரான்சில் தீக்காயமடைந்த வீரர்களுக்குப் பணிவிடை செய்து அந்நாட்டு அரசின் விருதுகளைப் பெற்றார். தொழிலுக்கு வெளியே நின்று செய்த அரிய தொண்டு அது. சன்சோனி தம் தொழிலையே தொண்டாக்கினார். பேர்ஃபுட் தொடங்கிய அதே 1964இல் கமலாதேவி சட்டோபாத்யாய் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியக் கைவினைக் கழகத்தை நிறுவினார். கைவினைஞருக்குச் சந்தையும் மதிப்பும் வேண்டும் என்பதே இரு முயற்சிகளுக்கும் அடிப்படை.

நன்கொடை அன்றைய தேவையைத் தீர்க்கும், அதுவும் வேண்டியதே. வாங்குவோர் விரும்பிக் கேட்கும் பொருளைச் செய்யும் திறன் ஒரு பெண்ணிடம் சேர்ந்துவிட்டால், அடுத்த மாதச் செலவுக்கு அவர் எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை. சன்சோனி மறைந்த பின்னும் பேர்ஃபுட் தறிகளில் பெண்கள் நெய்து கூலி பெற்று வருகிறார்கள்.