வெந்நீர்த் தொட்டியும் ஒரு மலர்க்காட்சியும்

வீட்டு வெந்நீர்த் தொட்டியின் வரலாறு அன்பில் தொடங்கிற்று. கலிபோர்னியாவில் குடியேறிய இத்தாலியரான ஜக்கூஸி சகோதரருள் ஒருவரின் மகன் மூட்டுவாதத்தால் துன்புற்றான். அவனுக்காக உருவான நீர்சுழற்றும் பம்பு 1956-இல் விற்பனைக்கு வந்தது. 1968-இல் அது தொட்டியோடு ஒன்றாயிற்று.

இனி வரலாற்றின் மறுபக்கம். 1976-இல் பிலடெல்பியாவில் கூடிய முன்னாள் படைவீரர் மாநாட்டையொட்டி, இனந்தெரியாத நுரையீரல் அழற்சியால் 34 பேர் மாண்டனர். அதற்குரிய கிருமியை அறிஞர்கள் மறு ஆண்டு கண்டறிந்தனர். லீஜியோனெல்லா என்பது அதற்குப் பின்னர் வழங்கிய பெயர். வெதுவெதுப்பான நீரே அதன் விளைநிலம்.

1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் மலர்க்காட்சி நடைபெற்றது. அங்கே பார்வைக்கு வைத்திருந்த சுழல்நீர்த் தொட்டியே நோய்க்கு ஊற்றாயிற்று. குமிழிகள் வெடித்துச் சிதறிய நுண்துளிகளை மூச்சோடு உள்ளிழுத்தோர் பலர் நோயுற்றனர். 32 பேர் மாண்டதாகக் கணக்கு. அவர்கள் நீராட வந்தவர் அல்லர், மலர் காண வந்தவர். இதுவே என் நெஞ்சை உறுத்துகிறது.

ஆகவே, நேயர்களே, தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று என்பேன். வெப்பம் குளோரினை விரைவில் குறைக்கும். குழாயினுள் படியும் வழுவழுப்பு கிருமிக்கு அரணாகும். எனவே பத்து லட்சத்தில் மூன்று பங்கேனும் குளோரின் நிற்கிறதா என்று அடிக்கடி சோதித்தல் வேண்டும். வடிகட்டியைக் கழுவி, நீரைக் காலந்தோறும் மாற்றுதல் வேண்டும். வெப்பம் 40 பாகை செல்சியஸைக் கடக்கலாகாது. கருவுற்றோரும் இதயநோயாளரும் மருத்துவரைக் கேட்டே இறங்குக; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இறக்கவே வேண்டா. தொட்டியைத் தூய்மையாக வைப்பவர், அருகே நின்று மூச்சுவிடும் அயலாரையும் காக்கின்றார்.